எலும்பருகே வேகாத கோழி: பார்பிக்யூ உணவக நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: வேகாத கோழி பரிமாறப்பட்டது, அதைச் சுட்டிக்காட்டியபோது பொறுப்பாளர் அளித்த பதில், மீண்டும் சூடாக்கிய இறைச்சியைப் புதியது என்று சொல்லி விற்றது ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் நடத்தும் பார்பிக்யூ உணவகத்துக்கு மூன்று ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வந்துகொண்டிருக்கிறேன். நீண்ட மரப் பலகை இருக்கைகளில் முன்பின் தெரியாதவர்களோடு தோள் உரச அமர்ந்து, தட்டில் விரித்த காகிதத்தின் மேல் வைத்துத் தரும் இறைச்சியைக் கையாலேயே பிய்த்துச் சாப்பிடலாம் என்பதும், குழந்தைகள் சாஸைச் சிந்தினால் யாரும் முகம் சுளிப்பதில்லை என்பதும்தான் எங்களை அங்கே திரும்பத் திரும்ப வரவைத்தன. இதைச் சொல்லக் காரணம் உண்டு. குறை காண வேண்டும் என்று வந்தவன் எழுதும் கடிதமல்ல இது. பிடித்த இடம் ஒன்று கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலையில் எழுதுகிறேன்.

இரண்டு வாரங்களுக்கு முன், சனிக்கிழமை இரவு 8.40 மணியளவில் நாங்கள் நால்வர் வந்தோம். விலா எலும்பு இறைச்சி, பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு மார்பிறைச்சி அரை கிலோ, புகையில் வேகவைத்த கோழித் தொடைகள் நான்கு ஆகியவற்றைக் கேட்டோம். விலா எலும்பைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. கடித்த இடத்தில் மட்டும் எலும்பைவிட்டு விலகி, மற்ற இடத்தில் ஒட்டி நின்ற அந்தப் பதம், அடுப்படியில் இருப்பவர் தொழில் தெரிந்தவர் என்பதைக் காட்டியது.

கோழியில்தான் சிக்கல் தொடங்கியது. மேல்தோல் கருஞ்சிவப்பாக மினுங்கியது. பார்க்க அழகாகவே இருந்தது. பத்து வயதான என் மகள் இரண்டு கடி கடித்த பிறகு, “அப்பா, உள்ளே ஜில்லென்று இருக்கிறது” என்றாள். வாங்கி மூட்டருகே பிரித்துப் பார்த்தேன். எலும்பை ஒட்டிய சதை கண்ணாடி போல் பளபளத்து, விரலால் அழுத்தினால் வழுக்கியது. இழை பிரியவே இல்லை. மூட்டிலிருந்து வடிந்த நீர் ரத்தம் கலந்து காகிதத்தில் ஊறிப் பரவியது. மற்றொரு துண்டைத் திறந்து பார்த்தேன். அதுவும் அப்படியே இருந்தது. அதற்கு மேல் யாரும் கோழியைத் தொடவில்லை.

அன்றைய இரவுப் பொறுப்பாளரை அழைத்துக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்காமல், “புகையில் வேகவைத்தால் இறைச்சி இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும் சார், பலருக்கு இது தெரிவதில்லை” என்றார். இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. விறகுப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த இளஞ்சிவப்பு நிறத்தை நிலைநிறுத்துகின்றன. நன்கு வெந்த பிறகும் அது மாறாது. ஆனால் அந்த நிறம் புகை படும் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிச் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வளையமாக அமையும். என் தட்டில் இருந்ததோ தலைகீழ்: தோலை ஒட்டிய வெளிச்சதை வெளிறியும், எலும்பருகே குளிர்ந்தும் சிவந்தும் இருந்தது. இளங்கோழியில் எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிந்து, வெந்த சதையும் சிவந்து தெரிவதுண்டு என்பதையும் நான் அறிவேன். அப்படிச் சிவந்த சதை குளிர்ந்தும் வழுக்கியும் இருக்காது.

நிறத்தை வைத்து வாதாட வேண்டிய தேவையே அங்கு இல்லை என்பதுதான் என் வருத்தம். கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் இருப்பவர் எல்லோரும் அறிந்த அளவு. குச்சி வெப்பமானி ஒன்றைத் தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் செருகினால் சில நொடிகளில் விடை தெரிந்துவிடும். வெப்பமானியால் அளந்து பாருங்கள் என்று நானே கேட்டேன். “அது உள்ளே இருக்கும், இப்போது கூட்ட நேரம்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இரவு முழுவதும் இறைச்சி வெட்டித் தரும் கவுண்டரில் வெப்பமானி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்றால், அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கோழித் துண்டும் கண் மதிப்பில்தான் போகிறது என்று பொருள்.

வேகாத கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். பின்னதன் அறிகுறிகள் தெரியப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள்கள் ஆகும். அந்த ஐந்து நாள்களும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், வயிறு வலிக்கிறதா என்று கேட்பதுமாகவே கழிந்தன. நல்லவேளையாக அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாள்களை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

அடுத்தது பிரிஸ்கெட். பதமாக வெந்த துண்டை விரலின் மேல் தொங்கவிட்டால் அது உடையாமல் வளையும். இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தால் பிரியும். எங்களுக்கு வந்த துண்டுகள் ஓரம் சுருண்டு அட்டை போல் விறைத்திருந்தன. கொழுப்பு உருகாமல் வெள்ளைப் படலமாக உறைந்து காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நடுப்பகுதி மட்டும் நாக்கைச் சுடும் அளவுக்குக் கொதித்தது. முன்பே வெட்டி வைத்து ஆறிப்போனதை அவசரமாகச் சூடாக்கியிருக்கிறார்கள் என்று எண்ணினேன்; பரிமாறிய இளைஞரிடம் கேட்டபோது, மதியம் வெட்டியதில் மீந்தது அது என்பதைத் தயக்கத்துடன் ஒப்புக்கொண்டார். கவுண்டரில் இறைச்சி கேட்டபோது எங்களுக்குச் சொல்லப்பட்டதோ, “இப்போதுதான் ஸ்மோக்கரிலிருந்து (புகை அடுப்பிலிருந்து) எடுத்தது” என்பது. போதாததற்கு, இழையின் குறுக்கே வெட்டாமல் இழையோடு சேர்த்து வெட்டியிருந்ததால் பல்செட் அணிந்த என் தாயாரால் ஒரு துண்டைக்கூட மெல்ல முடியவில்லை. விருப்பத்தோடு வந்தவர் ரொட்டியை மட்டும் சாஸில் தொட்டுச் சாப்பிட்டு எழுந்தார்.

இதில் எனக்கு மிகவும் மனம் வலிப்பது வேறொன்று. கடினமான மார்பிறைச்சியை 110 முதல் 120 டிகிரி வெப்பத்தில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக வைத்திருந்து, அதன் கொலாஜன் என்ற கடினமான இணைப்புத் திசுப் புரதம் கரைந்து மென்மையான ஜெலட்டினாக மாறும் வரை காத்திருந்து, பின் ஆற விட்டு எடுப்பதற்கு யாரோ ஒருவர் விடியும் முன்பே எழுந்து விறகு அடுக்கியிருக்கிறார். அந்த மனிதரின் ஓர் இரவு உழைப்பு, வெட்டும் பலகையில் கால் மணி நேரக் கவனக்குறைவால் வீணாகிறது. முதல் ஆண்டில் நாங்கள் வந்தபோது, வெட்டுபவர் எங்கள் கண்முன்னே கத்தியை எடுத்து, கேட்ட அளவு மட்டும் வெட்டி, கருகிய முனைத் துண்டொன்றைப் புன்னகையோடு மகளிடம் நீட்டுவார். தீர்ந்துவிட்டால் “தீர்ந்துவிட்டது” என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். வெறுங்கையோடு திரும்பிய நாளில்கூட நாங்கள் வருத்தப்பட்டதில்லை. அன்றன்று வெந்ததை அன்றே விற்று முடிக்கிறார்கள் என்ற நம்பிக்கை அந்தப் பலகையால்தான் எங்களுக்கு வந்தது.

எடைக்கு விற்கும் இறைச்சியை நிறுக்கும் தராசின் முகப்பு அண்மைக் காலமாக உட்பக்கம் திரும்பியிருப்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். எடையில் குறை இருந்தது என்று நான் சொல்லவில்லை. பார்க்க முடியவில்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

உண்மையைச் சொன்ன அந்த இளைஞர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்பதை இந்தக் கடிதத்தின் முதல் கோரிக்கையாகவே வைக்கிறேன். அன்று எங்களிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரது பெயரை வேண்டுமென்றே இங்கு எழுதவில்லை.

மற்றபடி, கோழிக்கும் பிரிஸ்கெட்டுக்கும் பெறப்பட்ட தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். விலா எலும்புக்கும் ரொட்டிக்கும் கொடுத்தது நியாயமான விலையே, அது வேண்டாம். வெட்டும் கவுண்டரில் வெப்பமானி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் சந்தேகம் எழுப்பினால் அவர் முன்னிலையிலேயே அளந்து காட்ட வேண்டும். சமைத்த உணவைப் பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது; வெட்டி வைத்த இறைச்சி அந்தக் கிளையில் எவ்வாறு, எவ்வளவு நேரம் வைக்கப்படுகிறது என்பதற்கு எழுத்துமூலம் விளக்கம் தேவை. மீந்ததைச் சூடாக்கித்தான் விற்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லி விற்கலாம்; வேண்டுபவர் வாங்கிக்கொள்வார்.

பில்லின் நகலையும், மூட்டருகே பிரித்த கோழித் துண்டின் மூன்று புகைப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். அன்றிரவே வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்தபோது, இரண்டு வேலை நாள்களுக்குள் தொடர்புகொள்வதாகச் சொன்னார்கள். இதுவரை அழைப்பு எதுவும் வரவில்லை. எனவே இந்த முறை தொலைபேசியில் அல்லாமல், பொறுப்பில் உள்ள ஒருவரின் கையொப்பத்துடன் பதினைந்து நாள்களுக்குள் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அது வராவிட்டால், புகைப்படங்களுடன் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல் 1, புகைப்படங்கள் 3