மூன்றாவது வெட்டு இலவசமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மேசை விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரையில், பாத்ஃபைண்டர் என்ற பகடை உருட்டி ஆடும் வீரக்கதை விளையாட்டின் இரண்டாம் பதிப்பைப் பற்றி 'ஒரு முறைக்கு மூன்று தடவை தாக்கலாம், தாக்கத் தாக்க லாபம்' என்று பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரிய வழக்கே நடக்கிறது. என் பேத்தியோடு விளையாட வரும் பையன் அதைக் கத்தரித்துக் கொண்டுவந்து, "பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே, தாத்தா" என்கிறான்.

2019-இல் வந்த அந்தப் பதிப்பில் எல்லோருக்கும் தங்கள் முறை வரும்போது மூன்று செயல்கள், அதாவது மூன்று ஆக்‌ஷன். மூன்றையும் தாக்குதலுக்கே செலவிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் இரண்டாவது தாக்குதலில் பகடைக் கூட்டுத்தொகையிலிருந்து 5 கழியும், மூன்றாவதில் 10 கழியும். குறுவாள் போன்ற லாகவமான ஆயுதங்களுக்கு 4, 8. முறை முடிந்ததும் கழிவும் போய்விடும்.

பையனின் வீரன் முதல் நிலையில் இருக்கிறான். இருபது முகப் பகடையில் விழுவதோடு 9 கூட்டிக்கொள்வான். எதிரியின் தற்காப்பு எண் (கூட்டுத்தொகை அதை எட்டினால்தான் அடி படும்) 18 என்றால், முதல் வெட்டுக்கு 9 விழுந்தால் போதும். இருபதில் பன்னிரண்டு முகங்கள் அவன் பக்கம். இரண்டாவதற்கு 14 வேண்டும், ஏழு முகங்கள். மூன்றாவதற்கு 19 அல்லது 20 விழுந்தாக வேண்டும். மிச்சம் பதினெட்டு முகங்களும் காற்றில்தான் வீசுகின்றன. அதே ஆக்‌ஷனில் கேடயத்தை உயர்த்தியிருந்தால் அவனுடைய தற்காப்பு எண் அடுத்த முறை வரை 2 கூடியிருக்கும். என் பேத்தி அதைத்தான் செய்கிறாள். அவளைக் கோழை என்கிறான்!

இதைச் சொன்னதும் அவன் வேறு வழி கண்டுபிடித்தான். கழிவு வாளுக்குத்தானே, மூன்றாவதாக எதிரியின் காலை வாருகிறேன் என்றான். வாருவது, தள்ளுவது, பிடிப்பது எல்லாமே தாக்குதல் கணக்கில்தான் சேரும்; அதற்கும் அதே 10. படுமோசமாகத் தவறினால் வாரப் போனவனே விழுவான். வாருவதாக இருந்தால் முதலிலேயே வார வேண்டும். விழுந்தவனின் தற்காப்பு எண் 2 குறையும், கூட்டாளிகளுக்கும் அது வசதி. எழுந்திருக்க அவன் ஓர் ஆக்‌ஷனைச் செலவிட வேண்டும்; எழும்போது பக்கத்தில் நிற்கும் வீரன் குறுக்கே புகுந்து வெட்டலாம். அது எதிரியின் முறையில் நடப்பதால் அதற்குக் கழிவே இல்லை. இந்த அழகைத்தான் உங்கள் பெட்டிச் செய்தி மறைத்துவிட்டது.

கட்டுரையாளர் இதை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இதே வகை விளையாட்டுடன் குழப்பிக்கொண்டிருக்க வேண்டும். 2014-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில், ஐந்தாம் நிலையை எட்டிய வீரன் இரண்டாவது தடவை தாக்கும்போது எதுவும் கழியாது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலோ முதல் தாக்குதலுக்குப் பகடையோடு கூட்டுவது 6 என்றால் அடுத்ததற்கு 1 என்று 5 இறங்கும். அதற்கும் நின்ற இடத்தைவிட்டு ஓரடி எடுத்து வைப்பதற்கு மேல் நகர முடியாது. எனக்கு அந்தப் பழைய முறை பிடிக்காது, ஆளுக்காள் மரம்போல் நிற்பார்கள்.

அடுத்த ஞாயிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். 5, 10 என்பதோடு நிறுத்தாமல் 4, 8-ஐயும் சேர்த்துப் போடுங்கள். இங்கே வரும் பிள்ளைகளில் குறுவாள்காரர்கள்தான் அதிகம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்