சோடாபுட்டி லென்ஸும் சலூன் நாற்காலியும்: வி.ஆர். பெட்டிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

யாங்கோன் அன்பர்களுக்கும், கோயில் மண்டபத் தமிழ் வகுப்புப் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் ஒன்றுகூடலில் நம் பிள்ளைகள் வைத்த வி.ஆர். பெட்டிகளை, அதாவது போனை உள்ளே வைத்து லென்ஸ் வழியே பார்த்தால் அந்த இடத்திலேயே இருப்பதுபோல் காட்டும் அட்டைப்பெட்டிகளை, கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்றுதான் எல்லோரும் கேட்டீர்கள். வாங்கவில்லை. விலை சொல்லவும் வராது. அதில் முக்கால்வாசி, யாரோ ஒருவர் "எடுத்துட்டுப் போங்க சயா" (பர்மியத்தில் வாத்தியார்) என்று கையில் திணித்தது. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஆகவே பெயர் இல்லாமலே நன்றி சொல்கிறேன். யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

அனோரத்தா சாலைப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெரியவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பெட்டிக்கு அட்டை எங்கும் கிடைக்கும், லென்ஸ்தான் கிடைக்காது. 45 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள, அதாவது அந்தத் தூரத்தில் ஒளியை ஒரு புள்ளியாகக் குவிக்கும் லென்ஸ் இரண்டு வேண்டும் என்று போய் நின்றேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஆயிரத்தை 45-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22. அப்படியானால் பிளஸ் 22 பவர். "இந்தப் பவரில் மனுசனுக்கு யாரும் கண்ணாடி போடறதில்லை தம்பி" என்றார். சரி, வேலை முடிந்தது என்று எழுந்தேன். உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், தூசி படிந்த ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார்.

டின் நிறைய சோடாபுட்டிக் கண்ணாடிகள். முன்பெல்லாம் கண்புரை ஆபரேஷன் என்றால் கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸை எடுத்துவிட்டு அப்படியே அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பதிலாகத்தான் பிளஸ் பத்து, பன்னிரண்டு என்று அந்தத் தடித்த கண்ணாடி. கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறையை 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி தொடங்கினார். அது ஊரெல்லாம் பரவ வெகு காலம் ஆனது. பரவிய பிறகு சோடாபுட்டியைக் கேட்க ஆளில்லை. விற்காமல் கிடந்ததும், வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்ததுமாக அந்த டின் அவர் கடையில் தங்கிவிட்டது.

பிளஸ் 11 லென்ஸ் இரண்டை எடுத்து, வளைந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்துப் பிடித்தார். பதினொன்றும் பதினொன்றும் இருபத்திரண்டு. வாசலுக்குப் போய் வெயிலில் காட்டி, கீழே வெள்ளைத்தாளை வைத்து ஏற்றி இறக்கினார். ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டரில் சூரியன் ஒரு புள்ளியாக விழுந்து தாளில் புகை வந்தது. பிறகு ஓரம் தேய்க்கும் மெஷினில் ஒவ்வொன்றையும் சிறிய வட்டமாக்கித் தந்தார். ஒரு பெட்டிக்கு நான்கு லென்ஸ். கூலி என்று பேச்செடுத்தபோது, டின் காலியாவதே எனக்கு லாபம் என்று வாயை அடைத்துவிட்டார்.

கூடவே மூன்று கட்டளைகளும் போட்டார். ஏழு வயதுக்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது. மற்றப் பிள்ளைகளும் சில நிமிடங்களில் கழற்றிவிட வேண்டும். நிற்கவைத்துப் பார்க்கவிடக் கூடாது. ஒரே பெட்டியை எல்லோருக்கும் மாட்டாதே என்றும் சொன்னார். பெரியவர்களுக்குக் கண்மணிக்குக் கண்மணி சராசரி 63 மில்லிமீட்டர் இருக்கும், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. நம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து அளந்து பார்த்தோம். அதனால்தான் பெட்டிகளில் இரண்டு அளவு: 63, 56. இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரியும். படம் கண்ணுக்குத் தொலைவில் இருப்பதுபோல் விழுவதால், படிக்க மட்டும் கண்ணாடி போடும் வயதானவர்கள் அதைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். கிட்டப்பார்வைக்காரர்கள்தான் கழற்றக் கூடாது.

போன் ரிப்பேர் கடைத் தம்பிக்கு அடுத்த நன்றி. தலையைத் திருப்பினால் படமும் திரும்ப வேண்டுமே, அதற்குப் போனுக்குள் கைரோஸ்கோப் என்ற உணரி வேண்டும். மலிவுப் போன்களில் விலையைக் குறைக்க முதலில் கைவைப்பது இதில்தான். பெற்றோர்கள் கொண்டுவந்த போன்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்துக் கொடுத்தார். ஆகாது என்று வந்த போன்களே அதிகம். ஒரு பையன் முகம் வாடியதைப் பார்த்து, கடையில் திரை மூலை உடைந்து கிடந்த ஒரு போனை இரவலாகவும் கொடுத்தார். உடைந்த மூலை பெட்டியின் சட்டத்துக்குள் மறைந்துவிட்டது! இந்த வகைப் பெட்டிகளில் முதலில் வந்தவற்றில் பொத்தானுக்குக் காந்தம் வைத்திருந்தார்கள், அது போனின் திசைகாட்டியைக் குழப்பும். இவர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைத் திரையிலிருந்து வெளியே இழுத்து ஒட்டினார். வெளியே தாளைத் தொட்டால் உள்ளே திரையைத் தொட்டதாகப் போன் எடுத்துக்கொள்கிறது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனுக்கும் கடன்பட்டிருக்கிறேன். லென்ஸ் வழியே பார்த்தால் நேர்க்கோடெல்லாம் ஓரத்தில் உள்பக்கமாக வளையும். அதை ஈடுகட்ட, படத்தையே முன்கூட்டி எதிர்த்திசையில் உப்பலாக வரைந்து திரையில் காட்ட வேண்டும். எவ்வளவு உப்பல் என்பது லென்ஸைப் பொறுத்தது. நம் லென்ஸோ உலகத்தில் யாரும் வைக்காத லென்ஸ். கட்டம் போட்ட படத்தைப் பார்த்துப் பார்த்து நான் இங்கிருந்து சொல்ல, அவன் அங்கிருந்து எண்களை மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு கியூஆர் கோடில் அடைத்து அனுப்பினான். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பது அதுதான். அதைக் கிழித்து விளையாடாதீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அட்டையின் வரைபடம் நம்முடையதல்ல. கூகுளின் பாரிஸ் அலுவலகத்தில் டேவிட் கோஸ், டேமியன் ஹென்றி என்ற இருவர் இந்த அட்டைப்பெட்டியை உருவாக்கி, 2014-இல் அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும் என்று வெளியிட்டார்கள். 2021-இல் கூகுள் அந்த அட்டைப்பெட்டி விற்பனையையே நிறுத்திவிட்டது. ஆனால் மென்பொருளை அதற்கு முன்பே, 2019-இல், எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. கடையை மூடும் முன் சாவியைத் தெருவில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. முகம் தெரியாத அவர்களுக்கும் ஒரு வணக்கம்.

படங்களுக்கு வருகிறேன். கல்யாண வீடியோ எடுக்கும் நம் அண்ணன் தன் 360 டிகிரி கேமராவோடு, சொந்தச் செலவில் சிரியம் பாலம் தாண்டிப் பீலிக்கான் அங்காள ஈஸ்வரி கோயிலுக்குப் போய் எடுத்துவந்தார். போய்வர முடியாத வயதானவர்களுக்காக என்று சொன்னதும் வேறு பேச்சே பேசவில்லை. கனமான கோப்புகள். இணையத்தில் ஏற்றி இறக்கும் பாடு வேண்டாம் என்று மெமரி கார்டில் போட்டுக் கையிலேயே கொடுத்தார். அன்று மண்டபத்தில் மின்சாரம் போனபோது பாட்டுக் கச்சேரி நின்றது, நம் பெட்டிகள் நிற்கவில்லை.

வகுப்பில் படிக்கும் ஒரு பெண்பிள்ளைக்குத் தனியாக நன்றி. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கண்ணை மூடி, "ஒத்தைக் கண்ணிலயும் இப்படியேதான் இருக்கு சயா" என்றாள். அவள் சொன்னது சரி. அந்தக் கேமரா இரண்டு கண்ணுக்கும் ஒரே படத்தைத்தான் தருகிறது. சுற்றிப் பார்க்கலாம், ஆழம் கிடையாது. இரண்டு கண்ணுக்கும் சிறிது மாறிய இரண்டு படம் காட்டினால்தான் ஆழம் தெரியும் என்பதை 1838-லேயே சார்லஸ் வீட்ஸ்டன் முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்துக் காட்டிவிட்டார். பிள்ளைகள் ஒரே மாதிரிப் போன்கள் இரண்டை, கேமராக்கள் 63 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும்படி அடிஸ்கேலில் கட்டி, மண்டபத்து வாசலில் பொங்கல் பானையைப் படம் எடுத்தார்கள். கோயில் படத்தைவிட அந்தப் பானைக்குத்தான் அன்று வரிசை நீளம்.

சூரத்தி பஜாரில் தைக்கும் அக்கா இல்லையென்றால் பெட்டிகள் மாலை வரை தாங்கியிருக்காது. வியர்வையும் நெற்றியில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்தும் சேர்ந்தால் அட்டை ஊறிப் பிய்ந்துவிடும். லோஞ்சி என்ற பர்மியக் கைலித் துண்டுகளில் பஞ்சு வைத்து, கழற்றித் துவைக்கிற மாதிரி உறை தைத்தார். தலையில் மாட்ட எலாஸ்டிக்கும் அவருடையது.

சுற்றிப் பார்க்கச் சுழலும் இருக்கை வேண்டும். சலூன்கார மாமா ஒரு நாற்காலியைக் கழற்றித் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்தார். பொங்கல் நேரத்துக் கூட்டத்தில் ஒரு நாற்காலி இல்லாமல் கடை நடத்துவது என்றால் என்ன என்று முடிவெட்டக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். அதில் உட்காருமுன் ஒரு பாட்டி செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, கோயிலுக்குத்தானே போறோம் என்றார். பேரன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

இனி நடக்க வேண்டியது. பெட்டிகள் மண்டப அலமாரியில் இருக்கின்றன, ஞாயிறு வகுப்பு முடிந்ததும் வந்து பார்க்கலாம். மோல்மேன் தமிழ் வகுப்புக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். வரைபடம் தருகிறோம், லென்ஸ்தான் இல்லை. பெரியவரின் டின்னில் இனி ஒரு பெட்டிக்குக்கூடத் தேறாது. உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தா பாட்டியின் சோடாபுட்டிக் கண்ணாடி சும்மா கிடந்தால், ஒரு துணியில் சுற்றி அவர் கடையில் கொடுத்துவிடுங்கள். கீறல் விழுந்திருந்தாலும் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அன்புடன்,
தமிழ் வகுப்பு ஆசிரியர்
யாங்கோன்