ஓட்டுநருக்கு ஒரு கட்டில் கொடுங்கள், புகை குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாகனப் புகையைக் குறைக்க உள்ளாட்சிகள் என்ன செய்யலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மின்சாரப் பேருந்து, சைக்கிள் பாதை, மரக்கன்று என்று பெரிய நகரங்களுக்குச் சொல்கிற வைத்தியம்தான். எங்கள் ராமேஸ்வரத்துக்கு வந்திருக்கும் நோய் வேறு. இங்கே ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் மூச்சை முட்ட வைக்கிறது.

கடலோரத்தில் இருக்கிற உங்களுக்கு என்னய்யா காற்று மாசு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கச்சான் காற்று நாளெல்லாம் அடிக்கிற ஆடி மாதத்தில் அது ஓரளவு சரிதான். ஆனால் காற்று விழுந்துபோன ஒரு விடிகாலையில், அதுவும் தை அமாவாசைக் கூட்டம் வந்து இறங்குகிற நேரத்தில், ரத வீதியை ஒட்டிய ஏதாவது ஒரு சந்தில் வந்து நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் லாட்ஜ், நடுவில் வரிசையாக வேன், பாதி வேன்களில் ஆளே இல்லாவிட்டாலும் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஏசித் தண்ணீர் சொட்டி வண்டிக்கு அடியில் சின்னக் குட்டை கட்டியிருக்கும். சைலன்சருக்கு நேர் எதிரே டீக்கடை பெஞ்சு. அந்த இடுக்கு வழியாகத்தான் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே சொல்லிவிட்டது.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்குள் வந்த அத்தனை பேரும் 1988-ல் திறந்த அந்த ஒரே சாலைப் பாலத்தில்தான் வந்தார்கள். ரயில் திரும்பி வந்துவிட்டது, வேன் பழக்கம் போகவில்லை.

சேலத்திலிருந்து வந்த ஒரு வேன் ஓட்டுநரிடம், "தம்பி, என்ஜினைக் கொஞ்சம் நிறுத்தக்கூடாதா" என்று கேட்டேன். "நிறுத்தினா உள்ள வெந்துருவேன் அண்ணே. ராத்திரி பூரா முழிச்சு ஓட்டிட்டு வந்திருக்கேன், மத்தியானம் தனுஷ்கோடி, ராத்திரி கன்னியாகுமரி. எங்க போயிப் படுக்க?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வந்தவர்கள் ஏசி அறையில் குளித்துப் படுத்திருக்கிறார்கள், அவர்களைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்குகிறார், அவர் தூங்குவதற்காகத் தெரு முழுக்கப் புகை.

அபராதம் போடலாம்தான். இங்கிலாந்தில் நிற்கிற வண்டியின் என்ஜினை நிறுத்தச் சொல்லியும் கேட்காதவருக்கு 20 பவுண்டு அபராதம் விதிக்க உள்ளாட்சிகளுக்கு 2002 முதல் விதி இருக்கிறது. டெல்லியில் 2020-ல் சிக்னலில் என்ஜினை அணைக்கச் சொல்லி இயக்கமே நடத்தினார்கள். ஆனால் சிக்னலில் ஒரு நிமிஷம் அணைப்பதும், வெயிலில் காய்கிற தகர டப்பாவுக்குள் நாலு மணி நேரம் அணைத்துவிட்டுக் கிடப்பதும் ஒன்றா? ஊட்டி, கொடைக்கானல் போல இ-பாஸ் கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், முன்னோருக்குத் திதி கொடுக்க வருகிறவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே சட்டத்திலேயே இருக்கிறது. ஓட்டல், லாட்ஜ்களில் தங்குகிறவர்களின் ஓட்டுநர்களுக்கு வளாகத்திலேயோ பக்கத்திலேயோ படுக்கை, கழிப்பறை, குளியலறை கொடுக்க வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. ஓட்டுநர்களின் நலனுக்காக வந்த விதிதான், எங்கள் ஊரைப் பொறுத்தவரை இதைவிட நல்ல காற்று மாசு விதி கிடையாது. புதிதாக லாட்ஜ் கட்ட வரைபடம் கொண்டுவருகிறவரிடம் ஓட்டுநர் அறை எங்கே என்று உள்ளாட்சி கறாராகக் கேட்டால் போதும். பழைய லாட்ஜ்களில் இடம் இருக்காது, அவற்றுக்காக ஊருக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கொட்டகை, ஐம்பது கட்டில், மின்விசிறி, குளிக்கத் தண்ணீர், குறைந்த கட்டணம், அங்கிருந்து கோயிலுக்கு பேட்டரி வண்டி. படுக்க இடம் கொடுத்த பிறகும் சந்தில் என்ஜினை ஓடவிடுகிறவருக்கு அபராதம் போடுங்கள், அப்போது நானே வந்து சாட்சி சொல்கிறேன். லாட்ஜ் நடத்துகிற என் சொந்தக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் திட்டுவார்கள், பரவாயில்லை.

அப்புறம் இன்னொன்று. இங்கே சாலையில் சேர்வது பாதி கடற்கரை மணல். அதைக் காய்ந்தபடியே பெருக்கி ஓரமாகத் தள்ளினால் அடுத்த பஸ் திரும்பக் கிளப்பிவிடும், முதலில் அதை மூச்சில் வாங்குவது பெருக்குகிற தொழிலாளிதான். லேசாக நனைத்துவிட்டுப் பெருக்கி அள்ளிக்கொண்டு போக வேண்டும். குடிக்கவே தண்ணீருக்கு அல்லாடுகிற தீவில் இதற்கு ஏது தண்ணீர் என்பீர்கள். லாட்ஜ் கழிவுநீரைச் சுத்திகரித்து இதற்குக் கொடுக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராமேஸ்வரம்.