அனல் தணிந்த பிறகு: மகனுக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் தேவகிருபையால் சுகமாயிருக்கிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டுமென்று அன்றாடம் குடும்ப ஜெபத்தில் கேட்டுக்கொள்ளுகிறோம். போன வாரம் நீ அனுப்பிய நீண்ட செய்தியை அப்பா ஒரு முறையும் நான் பல முறையும் வாசித்தோம். தொலைபேசியில் பேசலாமென்றால் நடுவில் குழந்தை அழும், உனக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். இந்தக் காரியத்திற்கு அப்படிப் பேச்சுவாக்கில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் பழைய வழக்கப்படி உட்கார்ந்து எழுதுகிறேன்.

வருடத் தொடக்கத்தில் அங்கே தோஹாவில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில் உன்னை முழுவதுமாக ஒப்புக்கொடுத்ததாகவும், சில வாரங்கள் வேதவாசிப்பு தேனாய் இருந்ததாகவும், பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து, இப்போது முழங்காற்படியிட்டால் வேலைத்தளத்துக் கணக்குகள்தான் நினைவில் வருகின்றன என்றும் எழுதியிருந்தாய். ஜெபக்குழுவில் ஒருவர் அதைப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப்போவது, என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து வெள்ளிக்கிழமை ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்து வேளை வந்தால் எழுந்து போகாமல் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன் என்று நீ எழுதிய வரிதான் எனக்கு அதிக வருத்தமாயிருந்தது. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஓர் ஆத்துமாவின் நிலையை அதன் வெப்பத்தைக் கொண்டு அளக்கிற பழக்கம் நம் சபைகளில் மிகுந்துபோயிற்று. அந்த அளவுகோல் வேதத்திலும் இல்லை, சபையின் சரித்திரத்திலும் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயக் குருவானவர் ஜான் வெஸ்லியைப் பற்றி ஞாயிறு பள்ளியில் உனக்குச் சொல்லித் தந்திருக்கிறோம். 1738ஆம் வருடம் மே மாதம் 24ஆம் தேதி மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்திற்கு மனமில்லாமலே போனார். அங்கே ஒருவர், பவுலின் ரோமர் நிருபத்திற்குச் சபைச் சீர்திருத்தவாதியான லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் தம் இருதயம் விநோதமாய் அனல்கொண்டதாக வெஸ்லி தம் நாட்குறிப்பில் எழுதினார். இவ்வளவும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும். ஆனால் அதே இரவில், ‘இது விசுவாசமாயிருக்க முடியாது, அப்படியானால் உன் சந்தோஷம் எங்கே?’ என்ற எண்ணத்தைச் சத்துரு தமக்குள் எழுப்பினான் என்று அவர் அந்தக் குறிப்பிலேயே சேர்த்து எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியமானது, எட்டு மாதங்கூட ஆகாத நிலையில், 1739 ஜனவரி 4ஆம் தேதி, தாம் இப்போது ஒரு கிறிஸ்தவனே அல்ல என்று அவர் எழுதிய குறிப்பு. அந்தப் பக்கத்தை ஏனோ நம் கன்வென்ஷன் மேடைகளில் யாரும் வாசிப்பதில்லை.

அப்படி எழுதியவர் அதோடு ஓய்ந்து உட்கார்ந்துவிடவில்லை. அதே வருடம் ஏப்ரல் மாதம் பிரிஸ்டல் நகரில், ஆலயத்துக்கு வெளியே, திறந்தவெளியில் நின்று பிரசங்கம்பண்ணத் தொடங்கினார். ஒழுங்கிலும் முறைமையிலும் அத்தனை கண்டிப்பான ஒரு குருவானவருக்கு அது மானக்கேடான காரியம். அதற்குத் தம்மைத் தாழ்த்திக்கொண்டதாக அவரே எழுதுகிறார். 1791இல் மரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு எழுதிய கடைசிக் கடிதத்தில், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்ஸை மனந்தளராதபடி திடப்படுத்தினார். 1738இல் ஒரு மாலை வேளையில் தொடங்கியது உண்மையான வேலைதானா என்று அறிய வேண்டுமானால், அடுத்த ஜனவரியில் அவருக்கு இருந்த உணர்ச்சியைப் பார்ப்பதா, ஐம்பது வருடங்களுக்கும் மேலாக அந்த மனிதன் நடந்த திசையைப் பார்ப்பதா என்று நீயே யோசித்துப் பார்.

இனி, உன் செய்தியில் நீ எடுத்துக் காட்டியிருந்த ரோமர் 12ஆம் அதிகாரத்திற்கு வருகிறேன். ‘உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்’ என்ற இரண்டாம் வசனத்தை நீ மனப்பாடமாகச் சொல்லுவாய். நாம் எல்லாரும் சொல்லுவோம், காலண்டரிலும் அச்சடிப்போம். ஆனால் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். பவுல் அந்தக் கட்டளையைக் கொடுக்குமுன் பதினொரு அதிகாரங்களாகத் தேவனுடைய இரக்கத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார். ஆகையால் மனம் புதிதாவது நம் முயற்சியில் தொடங்குகிற காரியமல்ல. எசேக்கியேல் தீர்க்கதரிசியின் வாயாலே கர்த்தர், கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்கிறார், கொடுக்கிறவர் அவர். சரி, அந்த வசனத்திற்குப் பிறகு என்ன வருகிறது? தன்னைக் குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாதிருப்பது, அவரவருக்குக் கிடைத்த வரத்தின்படி வேலை செய்வது, குறைவிலிருக்கிற பரிசுத்தவான்களுக்கு உதவுவது, அந்நியரை உபசரிப்பது, அழுகிறவர்களுடனே அழுவது, பழிவாங்காமலிருப்பது, பசியாயிருக்கிற சத்துருவுக்குச் சாப்பாடு போடுவது. அடுத்த அதிகாரத்துக்குப் போனால் வரி கட்டுவதுகூட வருகிறது. ‘ஆவியிலே அனலாயிருங்கள்’ என்பதும் அங்கே உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது நிற்கிற இடத்தைப் பார்: அதற்கு முன்னால் ‘அசதியாயிராமல் ஜாக்கிரதையாயிருங்கள்’, பின்னால் ‘கர்த்தருக்கு ஊழியஞ்செய்யுங்கள்’. இரண்டு பக்கமும் வேலையை வைத்து, நடுவில் அனலை வைத்திருக்கிறார் அப்போஸ்தலன்.

உன் பெரிய மாமாவின் காரியத்தை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். அப்போது நீ சிறு பிள்ளை. அவருடைய வாழைத் தோட்டத்தை அடுத்து ஒரு விதவைத் தாயாரின் நிலம் இருந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த வரப்பை மாமா ஒவ்வொரு முறை செதுக்கும்போதும், தம் பக்கத்தில் தொடாமல், அந்தப் பக்கத்து மண்ணை ஒரு விரற்கடை வெட்டி இந்தப் பக்கம் சேர்த்து அணைத்துவிடுவார். ஒரு வருடத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. பல வருடங்களில் வரப்பே நகர்ந்துபோய், இந்தப் பக்கம் ஒரு வரிசை வாழை கூடுதலாக நின்றது. அந்த அம்மாளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மாமா சபைக் காரியங்களை நடத்துகிற சேகரக் கமிட்டியில் இருந்தபடியால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு வருடம் கன்வென்ஷனில் மாமா முன்னால் போய் முழங்காற்படியிட்டுச் சத்தமாய் அழுதார். ஊரே ஸ்தோத்திரம் பண்ணிற்று. வரப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கண்ணீரெல்லாம் காய்ந்து, கூட்டத்தில் பாடின பாட்டும் மறந்துபோய், அவரே அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்ட பிறகு, அடுத்த லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்தான், காரியம் நடந்தது. ஒருநாள் காலையில் ஒருவருக்கும் சொல்லாமல் சர்வேயரை அழைத்து வந்து, சங்கிலி பிடித்து அளக்கச் செய்து, புதைந்து கிடந்த பழைய எல்லைக்கல்லைத் தோண்டிக் கண்டுபிடித்து, தம் கையாலேயே வரப்பைப் பழைய இடத்தில் போட்டார். அந்த வரிசை வாழையை அந்த அம்மாளுக்கே விட்டுவிட்டு, அத்தனை வருட மகசூலுக்கென்று ஒரு தொகையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன சகேயுவைப் போல நாலத்தனையாகக் கொடுத்தீர்களா அண்ணே என்று உன் அப்பா கேட்டதற்கு, ‘நாலத்தனை கொடுத்தால் நான்தான் நாளைக்கு உங்கள் வீட்டில் வந்து சாப்பிட வேண்டும்’ என்று சிரித்தார். அதற்குப் பிறகும் பல வருடங்கள் மாமாவின் கோபம் அப்படியேதான் இருந்தது. ரசத்தில் உப்புக் குறைந்தால் அத்தையைப் பார்த்து அவர் போடுகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். கை முதலில் மாறிற்று. நாக்கு மாறக் கடைசிக் காலம் வரை ஆயிற்று. அதனால் கை மாறியது பொய்யாகிவிடுமா? கூட்டத்தில் அழுத இரவு வீணென்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் தேவன் அவரிடத்தில் செய்துகொண்டிருந்த வேலையை நாங்கள் கண்ணால் கண்டது, அவர் வெளியே எதையும் உணராதவர்போல் நடமாடிக்கொண்டிருந்த அந்த மாதங்களுக்குப் பிறகுதான்.

இன்னொன்றும் எழுதியிருந்தாய். உன் ஜெபக்குழுவிலுள்ள மற்றவர்களைப் போல உரக்கத் துதிக்கவோ, சாட்சி சொல்லவோ உனக்கு வரவில்லை, நான் இன்னும் பழைய மனுஷன்தான் போலிருக்கிறது என்று. நம் பாளையங்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள கரையிருப்பில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை நினைத்துக்கொள். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனையும் ஆழ்வார்களையும் கற்றுத் தேறியவர். 1853இல் சாயர்புரத்திற்குத் தமிழாசிரியராக வந்தார். வந்த இடத்தில் ஒரே நாளில் அவர் மனம் மாறிவிடவில்லை. ஞானஸ்நானம் பெற்றது 1858இல். அதற்கும் முப்பத்தாறு வருடங்கள் கழித்து, 1894இல், அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காப்பியம் நூலாக வெளிவந்தது. அதைத் திறந்து பார்த்தால் கம்பனைப் படித்த நாவு அப்படியே இருக்கிறது, ஆழ்வார்களிடம் கற்ற உருக்கமும் அப்படியே இருக்கிறது. அது யாருடைய பாதத்தில் வைக்கப்பட்டது என்பதுதான் மாறியிருக்கிறது. புது சிருஷ்டியாவதென்றால் வேறொருவனாக வேஷம் போடுவதல்ல, மகனே. நீ சிறு வயதிலிருந்தே அமைதியானவன், கணக்கில் ஒரு ரூபாய் விடாதவன். அந்த அமைதியும் அந்தக் கணக்குப்புத்தியும் கர்த்தருக்கு ஆகாதவையென்று உனக்கு யார் சொன்னார்கள்? சத்தமாய்த் துதிக்கிறவர்கள் துதிக்கட்டும். ஒப்பந்தக்காரரின் பில்லில் ஒருவருக்கும் தெரியாத இடத்தில் நீ நேர்மையாயிருப்பதும் ஆராதனைதான்.

ஜெபம் வறண்டிருக்கிற நாட்களில் சொந்த வார்த்தைகளைத் தேடித் திணறாதே. சங்கீதங்களை வாய்விட்டு வாசி. ஐம்பத்தோராம் சங்கீதத்தில் தாவீது, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும் என்றுதான் கேட்கிறானே தவிர, என் இருதயம் சுத்தமாயிருக்கிறது, பாரும் என்று காட்டவில்லை. தூக்கம் வந்தால் தூங்கு. கைக்குழந்தையுள்ள வீட்டில் தகப்பனானவன் விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்து ஜெபிக்க வேண்டுமென்று எந்தப் பிரமாணமும் இல்லை. அந்த நேரத்தில் குழந்தையைத் தோளில் போட்டு நடந்து, மருமகளைச் சற்று உறங்கவிடு.

திருவிருந்துக்குத் திரும்ப வருகிறேன். நம் சபையின் ஆராதனை முறைமையில், பந்திக்கு வருமுன் குருவானவர் கூப்பிடுகிற அந்த அழைப்பைக் கவனித்துக் கேள். பாவத்திற்காக உண்மையாய் மனஸ்தாபப்படுகிறவர்கள், அயலாரோடு அன்பும் சமாதானமுமாயிருக்கிறவர்கள், இனிப் புதிய வாழ்க்கை நடக்கத் தீர்மானிக்கிறவர்கள் கிட்டிச் சேருங்கள் என்பதே அதன் பொருள். இருதயம் அனலாயிருக்கிறவர்கள் மட்டும் வாருங்கள் என்று அதில் இல்லை. புதிதாய் நடக்கத் தீர்மானிக்கிறவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள்; நடந்து முடித்தவர்களையல்ல. ஆகவே வறட்சியைக் காரணமாகச் சொல்லி நீ பந்தியைவிட்டு விலகியிருப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பசியில்லை என்று சொல்லுகிற பிள்ளையைத்தான் தாய் முதலில் உட்கார வைப்பாள்.

ஆனால் அந்த அழைப்பில் நடுவிலிருக்கிற நிபந்தனை உன்னைத் தொடுகிறது. இதை எழுதத்தான் இத்தனை நேரமும் சுற்றி வந்தேன் என்று நீ நினைத்தால் அதுவும் சரிதான். மாடி கட்டிய செலவில் யார் எவ்வளவு போட்டது என்ற பேச்சில் உனக்கும் தம்பிக்கும் நடுவே பேச்சற்றுப் போயிற்று. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ குழந்தையின் படத்தைப் போட்டால் எல்லாரும் பதில் போடுகிறார்கள், அவன் பார்த்துவிட்டு இருந்துவிடுகிறான். அவன் ஏதாவது போட்டால் நீ அப்படியே. உன் நீண்ட செய்தியில் வேதவாசிப்பு, ஜெபம், வேலைப்பளு எல்லாம் இருந்தன. தம்பியின் பெயர் மட்டும் இல்லை. யாருடைய கணக்குச் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அப்பாவுக்கு அதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை நீ கேட்காமலிருப்பதே நல்லது. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர், காணிக்கை செலுத்த வந்த இடத்தில், ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவுகூர்ந்தால் என்கிறார். உனக்கு அவன்மேல் இருக்கிற குறையை அங்கே அவர் கேட்கவே இல்லை. அவனுக்கு உன்பேரில் குறை உண்டு. எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லியிருக்கிறான். மாடிக் கணக்கு அதில் பாதிகூட இல்லை. அவனுடைய நிச்சயதார்த்தத்திற்கு நீ விடுமுறை கிடைக்கவில்லை என்று ஒரு வரி அனுப்பினாயே, அதுதான் அவனுக்கு ஆறாமலிருக்கிறது.

ஆகையால், உன் மனம் புதிதாக வேண்டுமென்று நான் ஜெபிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஒரு காரியந்தான். கர்த்தர் உன்னிடத்தில் வேலையை நிறுத்திவிட்டார் என்று நான் நம்பவில்லை. உணர்ச்சியெல்லாம் அடங்கி உன்னை அமைதியாக உட்கார வைத்திருப்பதே, கூட்டத்தின் சத்தத்தில் உன் காதில் விழாத இதைக் கேட்கச் செய்வதற்காக இருக்கலாம். அவனிடம் பேசும்போது ரூபாய்க் கணக்கை எடுக்காதே. நிச்சயதார்த்தத்தைப் பற்றி மட்டும் பேசு. அவன் முதல் முறை எடுக்காமல் விட்டால் மறுபடி கூப்பிடு. பிடிவாதத்தில் இருவரும் உங்கள் தாத்தாவையே கொண்டிருக்கிறீர்கள்.

இந்த வாரம் அவனுக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, நம் நேரம் பத்து மணிக்கு மேல்தான் படுக்கிறான். அதற்கு முன் கூப்பிட்டால் பேசுவான். அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் சபையில் திருவிருந்து உண்டென்று மருமகள் சொன்னாள். அதற்குள் பேசிவிடு.

என்றும் உனக்காக ஜெபிக்கும்,
அம்மா