இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த அந்து எது?

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் வேளாண் பக்கத்தில் ‘தக்காளி ஊசிப்புழுவின் தாய் அந்துப்பூச்சி’ என்ற குறிப்போடு வந்த படத்தில், மடித்த இறக்கைகளின் மேல் கரும்புள்ளிகள் கூடிப் பெருக்கல் குறிபோலத் தெரிகின்றன. அந்தக் குறி உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியின் பெண்ணுக்கு உரியது. படம் மாறியது பெரிய குற்றமில்லை. ஆனால் அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, பெண் அந்துவின் மணத்தைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்ததைச் சரிபார்க்கப் போகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை, ஒரே குடும்பம். கிழங்கு அந்து நூறாண்டுக்கு முன்பே விதைக்கிழங்கோடு இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஊசிப்புழு 2006-ல் ஸ்பெயினில் புகுந்து, 2014-ல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்டு, பிறகு கிருஷ்ணகிரித் தக்காளிக்கும் வந்தது. ‘டூட்டா அப்சொல்யூட்டா’ என்று நாம் பழகிய பூச்சியை 2021-ல் வகைப்பாட்டாளர்கள் கிழங்கு அந்துவின் பேரினமான ஃப்தோரிமேயாவிலேயே சேர்த்துவிட்டார்கள். அவ்வளவு நெருங்கிய உறவு.

இறக்கை விரித்தால் ஊசிப்புழு அந்து 8 முதல் 10 மி.மீ., கிழங்கு அந்து 12 முதல் 16 மி.மீ. இரண்டும் சாம்பல் கலந்த பழுப்பு, மேலே கரும்பொட்டுகள். புதிதாகக் கூட்டிலிருந்து வந்ததை அருகருகே வைத்தால் அளவு உதவும். ஒட்டுத்தாளில் துடித்துச் செதில் உதிர்ந்த ஒன்றில் நிறமும் பொட்டும் எதையும் சொல்லாது. அதைவிட முக்கியம், இனக்கவர்ச்சிப் பொறியில் விழுபவை ஆண்கள். பெருக்கல் குறியோ பெண்ணுக்கு உரியது. ஆகவே பொறியில் குறியைத் தேடிக் காணாமல் ‘இது ஊசிப்புழுதான்’ என்று முடிவு கட்டுவது அடிப்படையிலேயே தவறு. கிழங்கு அந்துவின் ஆணுக்கு முன்னிறக்கையில் இரண்டு மூன்று கரும்புள்ளிகள்தான் இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது பின்னிறக்கை: முன்னிறக்கையை நுண்ணூசியால் மெல்லத் தூக்கினால், பின்னிறக்கையின் முன்விளிம்பு அடியில் நீளமான மயிர்க்கற்றை ஒன்று தெரியும்.

பொறியில் விழுந்ததெல்லாம் அதற்குரிய பூச்சி என்றும் நம்ப வேண்டாம். இரண்டு அந்துகளின் கவர்ச்சிப் பொருளும் வேறு வேறு. ஆனாலும் உறவுக்கார அந்துகள் வழிதவறி விழுவது உண்டு. கிழங்கு அந்துவின் கவர்ச்சிப் பொருள் ஏற்றிய வில்லையைத் தொட்ட கையுறையோடு ஊசிப்புழு வில்லையை மாற்றினால் பொறியே கெட்டுவிடும். வில்லைக்கு ஒரு கையுறை, பூச்சிக்கு ஒரு பொறி. நீலகிரியில் உருளைக்கு அடுத்த பாத்தி முட்டைக்கோசாக இருந்தால் வைரமுதுகு அந்துவும் ஒட்டிக்கொண்டிருக்கும். உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது அது உணர்கொம்புகளை முன்னே நீட்டி வைத்திருக்கும், மற்ற இரண்டும் பின்னே சாய்த்து வைத்திருக்கும். கத்தரி மொட்டைத் துளைக்கும் புழுவின் அந்துவும் இதே குடும்பம்தான் என்பதைக் கத்தரி போடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வயலில் நின்றபடி முடிவு சொல்ல வேண்டுமென்றால் அந்துவை விட்டுவிட்டுப் புழுவைப் பாருங்கள். பத்து மடங்கு கைலென்ஸ் போதும். தலைக்கு அடுத்த உடல் வளையத்தின் முதுகில் ஒரு தகடு இருக்கும். கிழங்கு அந்துவின் புழுவில் அந்தத் தகடு முழுவதுமே அடர்பழுப்பு. ஊசிப்புழுவில் தகடு வெளிறியிருக்க, பின்விளிம்பில் மட்டும் ஒடுங்கிய கறுப்புப் பட்டை ஓடும். முற்றிய புழுவில் மட்டுமே இதைப் பாருங்கள். இளம் புழுவிலும் அப்போதுதான் தோலுரித்த புழுவிலும் தகடு வெளுத்தே இருக்கும், எதைப் பார்த்தாலும் ஊசிப்புழுவாகத் தோன்றும். உடல் நிறத்தை நம்பாதீர்கள். பச்சையும் இளஞ்சிவப்பும் இரண்டிலும் வரும்.

இலையில் உள்ள சுரங்கத்தைப் பார்த்துச் சொல்வதில் நடக்கும் குழப்பம் வேறு வகை. பாம்புபோல் வளைந்து ஓடும் ஒடுங்கிய கோடு பெரும்பாலும் இலைத்துளைப்பான் ஈயின் வேலை. இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே காலும் தலையும் இல்லாத மஞ்சள் புழு தெரியும். அந்துவின் புழுவுக்குத் தலையும் கால்களும் உண்டு, சுரங்கம் அகன்ற கொப்புளமாக விரியும். காயில் காம்படியில் ஊசி குத்தியதுபோல் துளை இருந்தால் ஊசிப்புழுவைச் சந்தேகிக்கலாம். பெரிய துளையும் பாதி வெளியே நீட்டிய புழுவும் இருந்தால் அது பச்சைக் காய்ப்புழு. சேமித்த கிழங்கைக் குடைந்து கண்ணருகே எச்சம் தள்ளியிருந்தால் கிழங்கு அந்துவைத் தவிர வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

உறுதியான விடை ஆணின் இனப்பெருக்க உறுப்பில்தான் இருக்கிறது. வேளாண் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடியதே. ஒட்டுத்தாளில் இருந்து இழுக்காமல், பூச்சியைச் சுற்றித் தாளை வெட்டி மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பசையைக் கரைக்கவும். வயிற்றுப் பகுதியை மட்டும் பிரித்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, சோதனைக்குழாயைச் சுடுநீரில் 10 முதல் 15 நிமிடம் நிறுத்தவும். நேரடியாகத் தீயில் காட்டினால் கரைசல் பொங்கி, கடுகளவு வயிறு கூரைக்குப் போய்விடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நேரம் குறைந்தால் தசை ஒட்டிக்கொண்டு எதுவும் தெரியாது, கூடினால் மெல்லிய சவ்வுகள் கரைந்துவிடும். அவசரம் இல்லையென்றால் சூடே வேண்டாம், இரவு முழுவதும் அறை வெப்பத்தில் ஊறட்டும். பிறகு நீரில் அலசி, ஆல்கஹால் கரைசலில் மெல்லிய தூரிகையால் செதில்களை நீக்கி, கிளிசரின் துளியில் வைத்துப் பார்க்கவும். ஊசிப்புழு ஆணின் பற்றிதழ் (புணரும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளும் உறுப்பு) விரல்போல நீண்டு நுனியில் மயிர்கொண்டிருக்கும், உள்விளிம்பின் நடுவில் சிறு புடைப்பு துருத்தும். கண்ணாடித் தகடு போட்டு அழுத்துவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். அழுத்தினால் இதழ் திரும்பிப் புடைப்பு மறைந்துவிடும்.

இவ்வளவு எதற்கு என்றால், மருந்து மட்டுமல்ல, வேலையே வேறு. கிழங்கு அந்துவுக்கு மண் அணைப்பதும் அறுவடைக் கிழங்கை இரவில் வெளியே விடாமல் இருப்பதும் பாதிப் பாதுகாப்பு. தக்காளிக்கு அது எதுவும் உதவாது. அங்கே தாக்கிய இலையையும் காயையும் பறித்து அழிக்க வேண்டும். அடையாளம் தெரியாமல் ஒரே குழு மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் எதிர்ப்புத்திறன்தான் மிஞ்சும். டையமைடு குழு மருந்துகளுக்கு ஊசிப்புழு தாக்குப்பிடிப்பது இத்தாலியில் பதிவாகியிருக்கிறது.

படம் அனுப்பும் வாசகர்களிடம் மேலிருந்து எடுத்த ஒன்றோடு, பக்கவாட்டில் ஒன்றும் அளவுகோல் வைத்த ஒன்றும் கேளுங்கள். பூச்சியையே அனுப்புகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அந்துவை உலரவிட்டு மெல்லிய காகிதத்தில் மடித்துத் தீப்பெட்டியில் வையுங்கள். புழுவைச் சூடான நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் இடுங்கள், நேரடியாக இட்டால் கறுத்துத் தகட்டின் நிறம் தெரியாமல் போகும். பயிர், ஊர், தேதி, பொறியா செடியா என்ற நான்கையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு பூச்சியியலாளர்,
ஒசூர்.