பிள்ளைகளைக் குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பையின் சுமை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், பளுவான பையைச் சுமப்பதால் பிள்ளைகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துவிடுகிறது என்று எழுதப்பட்டிருந்தது. பையின் சுமை குறைய வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அதனால் தோளும் முதுகும் வலிக்கலாம். ஆனால் ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவாட்டு வளைவு பையாலும் வருவதில்லை, கூன்போட்டு உட்கார்வதாலும் வருவதில்லை. இவ்வளைவுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்குத் திட்டவட்டமான காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை. பரம்பரைக்கு அதில் பங்குண்டு. மற்றவை, முள்ளெலும்புகள் கருவிலேயே சரிவர உருவாகாததாலோ, மூளைவாதம், தசைச்சிதைவு போன்ற நோய்களாலோ ஏற்படுபவை. பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரியும் நான் இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. பையின் மீது பழி போடும் வீடுகளில் பையை மாற்றியதோடு கவலை தீர்ந்துவிடுகிறது. பிள்ளையின் முதுகை யாரும் பார்ப்பதில்லை.

வளைவு பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால் பிள்ளையும் எதுவும் சொல்வதில்லை. 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் காணப்படும் இந்த வளைவு, உயரம் மளமளவென்று கூடும் காலத்தில்தான் வேகமாக அதிகரிக்கிறது. பிள்ளைகள் தாமே குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு உடைமாற்றத் தொடங்குவதும் அதே வயதில்தான். ஐந்து வயதில் அன்றாடம் தாயின் கண்ணில் பட்ட முதுகு, பன்னிரண்டு வயதில் வீட்டில் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஒரு தோள் உயர்ந்திருப்பது, ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு துருத்தி நிற்பது, இடுப்பின் மடிப்பு ஒருபுறம் ஆழமாக இருப்பது, சீருடையின் கீழ்விளிம்பு எப்போதும் ஒரு பக்கம் ஏறியே இருப்பது ஆகியவை உடைக்கு மேலாகவே தெரியக்கூடிய அடையாளங்கள்.

இவற்றைவிட உறுதியான சோதனையை 1865ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஆடம்ஸ் என்ற மருத்துவர் விவரித்திருக்கிறார். பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் கூப்பித் தொங்கவிட்டபடி பிள்ளையை மெல்ல முன்னால் குனியச் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர் தம் கண்ணை முதுகின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால், ஒரு பக்க விலாவோ இடுப்போ மேடாக எழுந்து நிற்பது தெரிந்துவிடும். முதுகெலும்பு வளைவதோடு நில்லாமல் தன்னைத்தானே முறுக்கிக்கொள்வதால் விலா எலும்புகளும் உடன் திரும்புகின்றன. நிமிர்ந்து நிற்கையில் மறைந்திருக்கும் அந்த முறுக்கு குனியும்போது வெளிப்படுகிறது. இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. வளரும் பருவம் முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளைக்குக் கூச்சம் ஏற்படாத வகையில், அது நம்பும் ஒருவர் பார்த்தால் போதும்.

மேடு தென்பட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில், வளைவின் அளவைக் காட்டும் காப் கோணம் 10 டிகிரியை எட்டினால்தான் அது ஸ்கோலியோசிஸ். கோணத்தோடு, இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்பதையும் மருத்துவர் கணக்கில் கொள்வார். பூப்பெய்தாத சிறுமியின் 25 டிகிரி வளைவும், பூப்பெய்தி மூன்றாண்டு கடந்தவளின் 25 டிகிரி வளைவும் ஒன்றல்ல. சிறிய வளைவுகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கண்காணித்து வந்தாலே போதும். அதை அலட்சியம் என்று கருதி, பிடித்துவிட்டு நிமிர்த்துகிறேன் என்பவர்களைத் தேடிப் போவதைத்தான் தவிர்க்க வேண்டும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலில் பலவீனம் அல்லது மரத்துப்போதல், சிறுநீர்க் கட்டுப்பாடு தவறுதல் ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது.

வளர்ச்சி பாக்கியிருக்கும்போது வளைவு சுமார் 25 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால், பிரேஸ் எனப்படும், உடலைச் சுற்றிப் பட்டையால் இறுக்கிக் கட்டும் கவசத்தை அணியச் சொல்வார்கள். இது பயன் தருமா என்ற நெடுநாள் ஐயத்துக்கு 2013இல் வெளியான ஓர் ஆய்வு விடையளித்தது. பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கும், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 சதவீதத்தினருக்கும் வளைவு 50 டிகிரியை எட்டாமலே வளர்ச்சி நிறைவடைந்தது. நாளொன்றுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களிடம் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. பிரேஸின் வேலை வளைவைக் கூடாமல் நிறுத்துவதே என்பதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முதுகு நேராகிவிடும் என்று நம்பி அணிபவர்கள் அடுத்த எக்ஸ்ரேயிலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன் போடுவது, பட்டையை நாள்தோறும் ஒரே இறுக்கத்துக்கு இழுக்கப் பேனாவால் அடையாளம் இட்டுக்கொள்வது, கழற்றி அரை மணி நேரமாகியும் மறையாத சிவப்பு தோலில் இருந்தால் பிரேஸைச் செய்தவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்வது போன்ற சின்னஞ்சிறு ஏற்பாடுகள்தாம் அந்த மணி நேரங்களைச் சாத்தியமாக்குகின்றன. விளையாட்டுக்குக் கழற்றலாம், எந்த நேரத்தில் கழற்றுவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுத்தால் எதிர்ப்பும் குறையும். வளைவு 50 டிகிரியை நெருங்கினால் கம்பிகளும் திருகாணிகளும் பொருத்தும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

குனியவைத்துப் பார்க்கும் சோதனையின் விளக்கப்படம் ஒன்றைத் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறும், பள்ளிகளில் உயரமும் எடையும் அளக்கும் நாளிலேயே முதுகையும் பார்க்கும்படி ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்