ஒரு சாண் ரப்பர் குழாயும் நான்கு நாட்களும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக நம் பட்டறையைப் பற்றி உலவும் பேச்சு உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். "டர்போ டீசல் வேனை நான்கு நாள் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு சாண் ரப்பர் குழாயை மாற்றிவிட்டுக் கூலி வாங்கினார்கள்" என்கிறார்கள். நான்கு நாள் ஆனது உண்மை. மாற்றியது ஒரு சாண் குழாய் என்பதும் உண்மை. "என்னவென்றே தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்கள்" என்று அதோடு சேர்த்துச் சொல்கிறார்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அந்த வேன் கிளம்பும்போது இழுவையே இல்லை. சுமை ஏற்றினால் சிறு மேட்டில்கூட இரண்டாவது கியரில் திணறியது. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தாண்டிவிட்டாலோ எந்தக் குறையும் இல்லாத வண்டிபோல ஓடியது. ஸ்கேனரில் பி0299 என்ற குறியீடு வந்தது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ தரவேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்பதே அதன் பொருள்; ஏன் வரவில்லை என்பதை அது சொல்வதில்லை. எங்களிடம் வருவதற்கு முன்பே ஓரிடத்தில் அந்தக் குறியீட்டை மட்டும் பார்த்து, டர்போவையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

முதல் நாள், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களுக்குள் புகையைச் செலுத்திப் பார்த்தோம். எங்கும் கசிவில்லை. எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பியபோது அழுத்த சென்சார் ஏறத்தாழ 1000 மில்லிபார் காட்டியது. வெளிக்காற்றின் அழுத்தமும் அதுதான் என்பதால் சென்சார் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. இரண்டாம் நாள், புகை வாயுவில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வைக் கழற்றினோம். கரி அப்பியிருந்தது. அது முழுதாக மூடாவிட்டால் புகைபோக்கிக்குப் போகவேண்டிய வாயு எஞ்சினுக்குள்ளேயே திரும்பும், இழுவை குறையும், கரும்புகை வரும். சுத்தம் செய்ததும் புகை குறைந்தது, இழுவை வரவில்லை. அதுதான் காரணம் என்று நினைத்தது எங்கள் தவறு. அந்த வேலைக்கான கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் டர்போவிடம் வந்தோம். இந்த வகை டர்போவுக்குள் சக்கரத்தைச் சுற்றிச் சிறு இதழ்கள் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அவை நெருங்கி, அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் புகை வாயுவின் வழியைக் குறுக்கும். வழி குறுகினால் வாயுவின் வேகம் கூடும், குறைந்த சுற்றிலும் டர்போ சுழலும். அந்த இதழ்களை அசைப்பது வேக்கம், அதாவது ஒரு ரப்பர் குழாய் வழியே வரும் உறிஞ்சு விசை. வேக்கம் கசிந்தால் இதழ்கள் விரிந்தே நிற்கும். எஞ்சின் வேகமெடுத்து வாயு பெருகும்வரை அழுத்தம் ஏறாது. அளவுமுள் உள்ள கைப்பம்பை அந்தக் குழாயில் மாட்டிக் காற்றை இழுத்துப் பார்த்தோம். இதழ்களை நகர்த்தும் ஆக்சுவேட்டரின் தண்டு தடையில்லாமல் நகர்ந்தது, முள்ளும் இறங்கவில்லை. எல்லாம் சரியாகவே இருந்தது, ஏனென்றால் எஞ்சின் குளிர்ந்திருந்தது.

நான்காம் நாள் சுமை ஏற்றி நாற்பது நிமிடம் ஓட்டிவந்து, சூடு ஆறுவதற்குள் அதே பம்பை மறுபடி மாட்டினோம். இந்த முறை முள் மெல்ல மெல்லச் சரிந்தது. அந்த வேக்கம் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனபோது, ஓர் இரும்புத் தாங்கியில் அது உரசும் இடத்தின் அடிப்புறம் விரலில் பிசுபிசுத்தது. அங்கே மடித்தால் மட்டும் வாய் திறக்கும், நகக்கண் அளவு வெடிப்பு. சூட்டில் ரப்பர் இளகினால்தான் அது கசியும். புதிய டர்போவைப் போட்டிருந்தாலும் இதே பழைய குழாயைத்தான் அதில் செருகியிருப்பார்கள், அந்தக் குறையும் அப்படியே இருந்திருக்கும். இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நான்கு நாளும் வேலைக்குப் போக வண்டியில்லாமல் அந்த வேன்காரர் பட்ட சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒவ்வொரு மாலையும் எதைப் பார்த்தோம், எது சரியாக இருந்தது என்று அவரை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை; அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி உங்கள் வண்டி இரவு இங்கே தங்கினால் மாலையில் எங்களிடமிருந்து அழைப்பு வரும். அடுத்த மாதம் முதல் குறை கண்டறியும் நேரத்துக்கும் தனிக் கூலி உண்டு.

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகும், "என்ன நடந்தது?" என்று நேரில் வந்து கேட்டவர்கள் பலர். ஒருவர் கேட்கவே இல்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "வழக்கம்போல் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இழுவைக் குறையோடு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தச் சுற்றில் திணறுகிறது, காலையிலா சூடான பிறகா, புகை கறுப்பா, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சீறும் ஓசை கேட்கிறதா என்று கவனித்துவந்து சொல்லுங்கள். முடிந்தால் முந்தின மாலையே வண்டியை விட்டுச் செல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஒருமுறையும் சூடான எஞ்சினை ஒருமுறையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பட்டறை உரிமையாளர்